சபையின் கையில் செல்போன்

சித்தூர், திருப்பதி வட்டாரத்தில் தமிழ்க் கிறிஸ்தவர்கள் கூடும் சபைகளில், வாட்ஸ்அப் குழு இல்லாத சபையைக் காண்பது இன்று அரிதாகிவிட்டது. நகரத்துப் பெரிய சபைகள் ஞாயிறு ஆராதனையை யூடியூபில் நேரடியாக ஒளிபரப்புகின்றன. வெதுருகுப்பம் பக்கத்துச் சிறிய ஊர்களில்கூட, யாராவது ஒரு வாலிபர் செல்போனைக் கையில் பிடித்துக்கொண்டு பாட்டையும் பிரசங்கத்தையும் படமெடுத்து அன்றே பேஸ்புக்கில் போட்டுவிடுகிறார். காலம் மாறியிருக்கிறது, சபைகளும் மாறுகின்றன. இதைக் குறை கூறுவதற்கில்லை.

ஆனால் ஒரு கேள்வியை யாரும் கேட்பதாகத் தெரியவில்லை. இந்தக் கருவியைக் கொண்டு நாம் யாரிடம் பேசுகிறோம்?

முகம் தெரியாத ஆயிரம் பேருக்குக் கேட்கும்படி உரக்கப் பேசலாம். வேலைக்காக ஊரைவிட்டு வந்து, மூன்று வாரமாகக் கோயில் பக்கம் வர முடியாத ஒரு தொழிலாளியைத் தனியாக அழைத்து நலம் விசாரிக்கவும் செய்யலாம். இரண்டையும் ஒரே செல்போன் செய்யும். நமது சபைகளில் பெரும்பாலானவை முதல் வேலைக்கு அதைப் பழக்கிவிட்டன. இரண்டாவது வேலைக்கு இன்னும் பழக்கவில்லை. சிறிய சபைகளுக்கு முதலில் வேண்டியது இரண்டாவதே என்பது நமது கருத்து.

முன்னோர் செய்த வேலை

புதிய சாதனம் ஒன்று வரும்போது அதைக் கையில் எடுத்துக்கொள்வது தமிழ்ச் சபைகளுக்குப் புதிதன்று. 1578-ம் ஆண்டில் கொல்லத்தில் அச்சான "தம்பிரான் வணக்கம்" என்ற சிறு நூல், இந்திய மண்ணில் தமிழ் எழுத்தில் அச்சிடப்பட்ட முதல் நூல். 1706-ல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு, சில ஆண்டுகளிலேயே அங்கு அச்சுக்கூடம் அமைத்துப் புதிய ஏற்பாட்டைத் தமிழில் வெளியிட்டார். 1841-ல் யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷனார் தொடங்கிய "உதயதாரகை" தமிழிலும் ஆங்கிலத்திலும் வெளிவந்தது. சமயச் செய்தியோடு பொது அறிவையும் உலக நடப்பையும் சொன்ன பத்திரிகை அது.

நாம் வாழும் இந்தப் பகுதியையே எடுத்துக்கொள்வோம். 1853-ல் ஸ்கடர் சகோதரர்கள் தொடங்கிய ஆற்காடு மிஷன், சித்தூரையும் மதனப்பள்ளியையும் தன் களங்களாகக் கொண்டிருந்தது. அப்போது சித்தூர் வட ஆற்காடு ஜில்லாவைச் சேர்ந்தது. தனி ஜில்லாவானது 1911-ல்தான். அந்த மிஷனார் ஊர் ஊராகச் சென்று மக்களின் மொழியில் பேசினார்கள். கூடவே மருந்துப் பெட்டியும் வந்தது. மதனப்பள்ளிக்கு அருகே ஆரோக்கியவரத்தில் 1915-ல் திறக்கப்பட்ட காசநோய் மருத்துவமனையின் பெயர், பல மிஷன்கள் கூடிச் செய்த அந்தத் தொண்டுக்குச் சாட்சியாக இன்றும் நிற்கிறது.

இவர்கள் செய்த எல்லாவற்றையும் நாம் ஏற்க வேண்டுமென்பதில்லை. ஆனாலும் ஒரு விஷயத்தை மறுக்க முடியாது. பேசுவதற்கு முன்னால் அவர்கள் கேட்பவரின் மொழியைக் கற்றார்கள். பேசிய பின்னால் அவர் சொன்னதைக் காது கொடுத்துக் கேட்டார்கள். சாதனம் அச்சாக இருந்தாலும் வேறெதுவாக இருந்தாலும் வேலை அப்படித்தான் நடந்தது.

பின்னர் வானொலி வந்தது. மணிலாவிலிருந்து 1969 முதல் இயங்கிவந்த வேரித்தாஸ் ஆசிய வானொலியின் தமிழ் ஒலிபரப்பைக் கேட்டு வளர்ந்த குடும்பங்கள் பல. சிற்றலையில் அது தெளிவாகக் கேட்ட நாட்களும் உண்டு, இரைச்சலாகக் கேட்ட நாட்களும் உண்டு. ஆயினும் நேயர்கள் கடிதம் எழுதினார்கள். நிலையத்தார் அதைப் படித்தார்கள். ஒரு குக்கிராமத்தில் இருப்பவர் தமது பெயர் கடல் கடந்து ஒலிப்பதைக் கேட்டார். 2018-ல் அந்த வானொலி சிற்றலையை நிறுத்திவிட்டு இணையத்துக்கு மாறிவிட்டது. அஞ்சலட்டைக்குப் பதில் சொல்லும் அந்தப் பழக்கத்தைத்தான் இன்றைய சபைகள் இணையத்தில் காட்ட வேண்டும். யூடியூபில் ஒருவர், "என் மகனுக்கு உடம்பு சரியில்லை, ஜெபியுங்கள்" என்று எழுதுகிறார். அதற்குக் கீழே ஒரு வார்த்தை பதில் இல்லையென்றால், அந்த ஒளிபரப்பை எத்தனை பேர் பார்த்திருந்தால் என்ன?

கொரோனா கற்பித்த பாடம்

2020 மார்ச் 25 முதல் நாடு முழுவதும் ஊரடங்கு அமலுக்கு வந்தது. திருமலையில் பக்தர்கள் தரிசனம் நின்றது. மசூதிகளும் தேவாலயங்களும் மூடப்பட்டன. அந்த ஆண்டு ஏப்ரல் 12-ல் வந்த ஈஸ்டர் பண்டிகையை நாம் வீட்டுக்குள்ளேயே கொண்டாடினோம். ஜூன் 8 முதல்தான் வழிபாட்டுத் தலங்களைக் கட்டுப்பாடுகளுடன் திறக்க மத்திய அரசு அனுமதித்தது.

அந்த மாதங்களில் செல்போன் செய்த உபகாரம் பெரிது. அப்போதும் இருவகைச் சபைகளைக் கண்டோம். ஒருவகைச் சபை ஞாயிறுதோறும் ஒளிபரப்பு ஒன்றைப் போட்டுவிட்டுக் கடமை முடிந்தது என்று இருந்தது. இன்னொருவகைச் சபை, பெயர்ப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, யார் வீட்டில் அரிசி இல்லை, யாருக்கு வேலை போயிற்று, யார் தனியாக இருக்கிறார் என்று ஒவ்வொருவராக அழைத்துக் கேட்டது. எந்தச் சபையை மக்கள் நன்றியோடு நினைக்கிறார்கள் என்று நாம் எழுதிக் காட்ட வேண்டியதில்லை.

ஊரடங்கு முடிந்தது. ஒளிபரப்பு மட்டும் நின்றபாடில்லை, விசாரிப்பு நின்றுவிட்டது. இதுதான் வருந்தத்தக்கது.

ஒலிபெருக்கி வழக்கு

இங்கே ஒரு பழைய வழக்கை நினைவூட்டுவது பொருத்தம். சென்னை மாதவரம் நெடுஞ்சாலைப் பகுதியில் ஒரு சபையார் மேளமும் கிதாரும் ஒலிபெருக்கியுமாக ஆராதனை நடத்திவந்தனர். அக்கம்பக்கத்தில் குடியிருந்தோர் நலச்சங்கம் புகார் செய்தது. வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 2000-ம் ஆண்டு ஆகஸ்டு 30-ந் தேதி உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிறருடைய அமைதியைக் குலைத்துத்தான் ஜெபிக்க வேண்டுமென்று எந்த மதமும் விதிக்கவில்லை; ஒலிபெருக்கியும் மேளமும் வைத்துத்தான் வழிபட வேண்டுமென்றும் எந்த மதமும் சொல்லவில்லை என்பதே அத்தீர்ப்பின் சாரம்.

அன்று ஒலிபெருக்கியின் சத்தம் நான்கு தெருவுக்குக் கேட்டது. இன்று செல்போனில் பேசியது நாடு முழுவதும் கேட்கிறது. நான்கு சுவருக்குள் நாற்பது பேரை மனத்தில் வைத்துச் சொன்ன ஒரு வாக்கியத்தை, யாரோ ஒருவர் அரை நிமிடத் துண்டாக வெட்டி எடுத்து வேறொரு ஊரில் பரப்புகிறார். அடுத்த வீட்டுக்காரரின் வழிபாட்டைக் கேலி செய்யும் ஒரு சொல் அதில் இருந்துவிட்டால், சபைக்கும் அவருக்கும் இடையே முப்பது ஆண்டுகளாக இருந்த உறவு ஒரு நாளில் முறிந்துபோகும்.

இந்த எச்சரிக்கை மற்ற ஊர்களைவிட நமக்கு அதிகம் வேண்டும். நாம் இருப்பது திருமலையின் நிழலில். திருமலை உட்பட அறிவிக்கப்பட்ட வழிபாட்டுத் தலங்களில் வேறு மதப் பிரசாரம் செய்யக்கூடாது என்று ஆந்திர அரசு 2007-லேயே சட்டம் கொண்டுவந்திருக்கிறது. செல்போனில் போடும் படத்துக்கு மலையடிவாரம், மலையுச்சி என்ற எல்லைகள் இல்லை. சட்டத்தின் எழுத்தைக் காப்பாற்றிவிட்டோம் என்று இருந்துவிடாமல், அயலாரின் மனத்தையும் காப்பாற்ற வேண்டும். பிழைக்க வந்த ஊரில் நமக்கு வீடு வாடகைக்குத் தந்தவரும் கடையில் கடன் சொல்ல இடம் தந்தவரும் அந்த அயலார்தான்.

மத சுதந்திரத்தை அரசியல் சட்டத்தின் 25-வது பிரிவு அளித்திருக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். அளித்திருக்கிறது, அதை யாரும் பறித்துவிட முடியாது. பொது அமைதி, ஒழுக்கம், சுகாதாரம் ஆகியவற்றுக்கு உட்பட்டு என்ற வார்த்தைகளும் அதே பிரிவில்தான் இருக்கின்றன. தன் நம்பிக்கையைத் தெளிவாகச் சொல்வதற்கு மற்றவன் நம்பிக்கையைத் தூற்ற வேண்டிய அவசியம் எங்கிருந்து வந்தது?

வந்ததையெல்லாம் அனுப்பலாமா?

சபைக் குழுக்களில் பரவும் செய்திகளில் ஒன்றைச் சொல்கிறோம். ஆப்கானிஸ்தானத்தில் 22 மிஷனரிகளுக்கு நாளை மரண தண்டனை, உடனே ஜெபியுங்கள், எல்லோருக்கும் அனுப்புங்கள் என்று ஒரு வேண்டுகோள் ஆண்டுக்கணக்கில் உலகம் சுற்றியது. உண்மை என்ன? 2007 ஜூலையில் தென் கொரியச் சபையைச் சேர்ந்த 23 பேரைத் தாலிபான்கள் கடத்தினார்கள். இருவர் கொல்லப்பட்டனர்; மற்ற 21 பேரும் அந்த ஆகஸ்டு முடிவதற்குள் விடுதலையானார்கள். முடிந்துபோன ஒரு துயரத்தின் நிழல், பல ஆண்டுகளுக்குப் பின்னும் "நாளை" நடக்கப்போவதாக வலம் வந்தது. அனுப்பியவர்கள் பொல்லாதவர்கள் அல்லர். இளகிய மனம் படைத்தவர்கள். இளகிய மனத்தைத்தான் பொய் முதலில் தேடுகிறது.

பொய்ச் செய்தியால் ஜெபம் வீணாவதோடு போய்விட்டால் பரவாயில்லை. உயிரும் போகிறது. வேலூரைத் தாண்டிப் போளூர் பக்கத்தில் உள்ளது அத்திமூர். 2018 மே 9-ந் தேதி அங்கு குலதெய்வக் கோயிலுக்கு வந்த ஒரு குடும்பத்தினரைக் குழந்தை கடத்துபவர்கள் என்று எண்ணிக் கூட்டம் அடித்தது. 65 வயது மூதாட்டி ஒருவர் இறந்துபோனார். அதற்கு முந்திய வாரங்களில் வாட்ஸ்அப்பில் பரவிய வதந்தியே ஊராரின் கண்ணை மறைத்தது. நாட்டின் பல பகுதிகளிலும் இத்தகைய கொடுமைகள் நடந்த பிறகுதான், அதே ஆண்டு ஜூலையில் வாட்ஸ்அப் நிறுவனம் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து இடங்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி கட்டுப்படுத்தியது.

குழுவை நடத்துபவர், உறுப்பினர் போடும் ஒவ்வொரு செய்திக்கும் குற்றவாளியாக மாட்டார் என்று 2022-ல் கேரள உயர் நீதிமன்றம் கூறியது உண்மையே. சட்டம் விட்டுவிடலாம். சபைக் குழுவில் வந்தது என்பதற்காகவே ஒரு செய்தியை நம்பும் பாட்டி ஒருவர் நம்மிடையே இருக்கிறார். போதகரின் பெயரும் கோயிலின் படமும் உள்ள குழுவில் பொய் வந்தால், அது போதகர் சொன்ன பொய்யாகவே அவருக்குப் படும். ஆகவே வெளியிலிருந்து வரும் எந்தச் செய்தியையும், எங்கிருந்து, எந்தத் தேதியில், யார் சொன்னது என்று பார்க்காமல் சபைக் குழுவில் போடக்கூடாது என்று ஒரு விதி வேண்டும்.

நோய் தீர்ந்த சாட்சிகளைப் படமாக்கும் விஷயத்திலும் இதே நிதானம் தேவை. ஜெபத்தில் நம்பிக்கை வைப்பது அவரவர் உரிமை. "சர்க்கரை போய்விட்டது, மாத்திரையை நிறுத்திவிட்டேன்" என்று ஒருவர் சொல்வதை அப்படியே ஒளிபரப்பினால், அதைப் பார்த்து வேறொருவரும் நிறுத்திவிடுவார். ஆஸ்பத்திரியும் மருந்தும் கொண்டுவந்த ஒரு பாரம்பரியத்தின் பிள்ளைகளுக்கு இது அழகன்று.

ஜெப விண்ணப்பமும் ரகசியமும்

கோயிலில் எழுந்து நின்று ஜெப விண்ணப்பம் சொல்லும்போது, கேட்பவர் யார் யார் என்று சொல்பவருக்குத் தெரியும். குழுவில் எழுதும்போது தெரியாது. இன்னாருடைய மகளுக்குக் கல்யாணம் தட்டிப் போகிறது, இன்னாருக்கு இன்ன வியாதி, இன்னார் வீட்டில் புருஷன் பெண்சாதி சண்டை என்றெல்லாம் பெயரோடு எழுதப்படுவதைக் காண்கிறோம். எழுதுபவரின் நோக்கம் நல்லதே. அந்தச் செய்தி மாப்பிள்ளை வீட்டாரின் கைக்கும், வேலை கொடுத்த முதலாளியின் கைக்கும் போய்ச் சேர எத்தனை நேரமாகும்? சம்பந்தப்பட்டவரின் சம்மதமின்றிப் பெயரையும் நோயையும் எழுதலாகாது. "நமது சகோதரி ஒருவருக்காக" என்று எழுதினாலும் ஜெபம் ஜெபந்தானே!

குழந்தைகளின் படங்களைப் பற்றிப் பெற்றோரிடம் கேட்பது கட்டாயமாக இருக்க வேண்டும். ஞாயிறு பள்ளி விழாவில் எடுத்த படம், பெயர், படிக்கும் பள்ளிக்கூடம் ஆகிய மூன்றையும் சேர்த்து ஊருக்கே அறிவிப்பது ஆபத்து.

பணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. போதகரின் படத்தை வைத்துப் போலிக் கணக்குத் தொடங்கி, "அவசரம், உடனே பணம் அனுப்புங்கள்" என்று கேட்கும் மோசடி பல நாடுகளில் நடந்திருக்கிறது. 2019-ல் அமெரிக்க அரசின் வர்த்தக ஆணையமே இதுபற்றிச் சபை மக்களை எச்சரித்தது. நமது சபைகள் காணிக்கைக்கு ஒரே ஒரு கணக்கை வைத்து, அதை ஆலயச் சுவரிலேயே எழுதிப் போட்டுவிட வேண்டும். வேறு எந்த எண்ணிலிருந்து கேட்டாலும் தரக்கூடாது. பணம் பெறுவதற்கு யு.பி.ஐ. ரகசிய எண்ணைப் போட வேண்டியதில்லை என்பதையும், ஏமாந்துவிட்டால் உடனே 1930 என்ற எண்ணுக்குப் புகார் சொல்ல வேண்டும் என்பதையும் மாதம் ஒருமுறை அறிவித்தால், அது ஒரு நல்ல பிரசங்கத்துக்குச் சமம்.

இரண்டு மொழி

வெதுருகுப்பம் என்ற பெயரைப் பாருங்கள். வெதுரு என்றால் தெலுங்கில் மூங்கில். குப்பம் என்பதோ தமிழ்க் காதுக்கு நன்கு பழகிய சொல். நமது வாழ்க்கையும் அப்படித்தான் இருக்கிறது. வீட்டில் தமிழ், வேலையில் தெலுங்கு, பிள்ளைகளின் பாடப் புத்தகத்தில் தெலுங்கும் ஆங்கிலமும். தமிழ் பேசத் தெரிந்த பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியவில்லை.

இந்தக் குறையைத் தீர்க்கச் செல்போன் நல்ல கருவி. நீண்ட தமிழ்ச் செய்தியை எழுதி அனுப்புவதற்குப் பதிலாக, போதகர் இரண்டு நிமிடம் பேசிக் குரலாக அனுப்பினால் வாசிக்கத் தெரியாத பிள்ளையும் கேட்கும், கண் மங்கிய தாத்தாவும் கேட்பார். வாரம் ஒரு வசனத்தைத் தமிழ் எழுத்தில் போட்டு, அதைப் பிள்ளைகளைக் கொண்டே வாசித்து அனுப்பச் செய்தால், சபைக் குழு ஒரு சிறிய தமிழ்ப் பள்ளியாகவும் ஆகும். கூடவே ஆராதனை நேரத்தையும், ரத்த தான முகாம், மருத்துவ முகாம் போன்ற பொது அறிவிப்புகளையும் தெலுங்கிலும் போட வேண்டும். பக்கத்து வீட்டுக்காரருக்குப் புரியாத மொழியில் மட்டும் பேசுகிறவன், அவருக்கு அந்நியனாகவே இருந்துவிடுகிறான்.

என்ன செய்யலாம்?

சமூக வலைத்தளங்களைப் பற்றி உலகச் சபைகளும் யோசித்தே வருகின்றன. இங்கிலாந்துத் திருச்சபை 2019-ல் இதற்கென ஒரு நெறிமுறையை வெளியிட்டது. வத்திக்கான் 2023 மே மாதத்தில் ஓர் ஆவணத்தை வெளியிட்டு, நல்ல சமாரியன் உவமையை அதன் மையமாக வைத்தது. வழியில் விழுந்து கிடந்தவனைக் கண்டு நின்றவன் சமாரியன். செல்போனைத் தள்ளிக்கொண்டே போகும் நாம், அதில் விழுந்து கிடப்பவன் யார் என்று நின்று பார்க்கிறோமா என்பதே கேள்வி.

நமது சபைகளுக்கு இதற்குப் பெரிய செலவு எதுவும் வேண்டியதில்லை. கடன் வாங்கிக் காமிரா வாங்க வேண்டாம். சபைக்கு இரண்டு பேர், ஒருவர் பெரியவர், ஒருவர் வாலிபர், பொறுப்பேற்றால் போதும். எதையும் போடுவதற்கு முன் இருவரும் பார்க்கட்டும். திங்கட்கிழமைதோறும் முந்திய நாள் வராதவர்களின் பட்டியலை எடுத்துக்கொள்ளட்டும். ரேணிகுண்டாவிலோ ஸ்ரீசிட்டியிலோ ஷிப்டு வேலையில் இருப்பவருக்கு, அவர் ஓய்வாக இருக்கும் நேரம் அறிந்து ஒரு போன்: "அண்ணா, இரண்டு வாரமாகக் கோயிலில் காணோமே, சௌக்கியமா?" இதைவிடச் சிறந்த சமூக வலைத்தளப் பணியை எந்த நிபுணரும் சொல்லித்தர முடியாது.

இதற்கு இரண்டு ஆட்சேபங்கள் எழலாம். நம் சபையின் பெயர் வெளியே தெரிய வேண்டாமா என்பது ஒன்று. விசாரிக்கும் சபை என்ற பெயர் எந்த விளம்பரத்தையும்விட வேகமாகப் பரவும். புதிதாக ஊருக்கு வந்த தொழிலாளி தேடி வருவது அந்தப் பெயரைத்தான். வீட்டிலேயே பார்க்கலாம் என்றால் கோயிலுக்கு யார் வருவார்கள் என்பது மற்றொன்று. படுக்கையில் இருப்பவருக்கும் இரவு வேலைக்காரருக்கும் ஒளிபரப்பு வரம். நடக்க முடிந்தவருக்கு அது சோம்பலுக்குச் சாக்கு. யாருக்கு எது என்று பிரித்தறிய ஒவ்வொருவரையும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். ஆக, மறுபடியும் விசாரிப்புக்கே வந்து சேருகிறோம்.

சொந்த ஊரையும் உறவையும் விட்டு வந்தவனுக்குச் சபை என்பது வெறும் வழிபாட்டிடம் மட்டுமன்று. காய்ச்சல் வந்தால் கஞ்சி கொண்டு வருபவர்கள் இருக்கும் இடம். கையில் உள்ள செல்போன் அந்தக் கஞ்சியைச் சீக்கிரம் கொண்டு சேர்க்க உதவுமானால், சபை அதை நன்றாகப் பயன்படுத்துகிறது என்று பொருள். எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற கணக்கை ஒருபுறம் வைத்துவிட்டு, இந்த வாரம் எத்தனை பேரை விசாரித்தோம் என்ற கணக்கை நமது சபைகள் எழுதத் தொடங்கட்டும்.